பெரிய கொடுவா எங்கே நிற்கிறது?

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அரசியல் பற்றியவை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் சில ஆண்டுகளாக இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "நல்ல பெரிய கொடுவா ஒன்றைத் தூண்டிலில் பிடிக்க வேண்டும். எங்கே போகலாம்?" அரசியல் கேள்விகளுக்கு என்னிடம் உறுதியான விடை எதுவும் கிடையாது. இந்தக் கேள்விக்கு உண்டு. எனினும் அது ஒரே வரியில் சொல்லி முடிக்கக்கூடியதன்று.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது. நாம் கொடுவா என்று அழைக்கும் மீன் சிங்களத்தில் மோதா. வங்காளிகளுக்கு அது பேட்கி, மலையாளிகளுக்குக் காளாஞ்சி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள் அதைச் சியாகாப் என்ற பெயரில் சந்தையில் வாங்கியிருப்பார்கள். அவுஸ்திரேலியாவில் அது பரமுண்டி. அந்நாட்டின் ஆதிக்குடிகளின் மொழியிலிருந்து வந்த சொல், பெரிய செதில்களையுடைய மீன் என்று பொருள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்க் கடைகளின் குளிர்பெட்டிகளில் கிடக்கும் கொடுவாக்களுள் பல பண்ணைகளில் வளர்ந்தவை. தட்டில் வைக்கும் அளவுக்கு வளர்ந்ததும் அவற்றின் ஆயுள் முடிக்கப்பட்டுவிடுகிறது. ஒன்றரை மீற்றருக்கும் மேல் வளரக்கூடிய மீன் இது. அதன் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால் உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அத்தகைய இடத்துக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் நானூறு சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பை வரைபடங்கள் கடல்நீரேரி என்கின்றன. கரையோர மக்களுக்கு அது பரவைக்கடல். பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். இங்கே கடல் ஏறி இறங்கும் உயரமும் மிகச் சிறியது. அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் டார்பி என்ற ஊரில் கடல் பத்து மீற்றருக்கு மேல் ஏறி வற்றுகிறது. நம்முடைய கடலிலோ அமாவாசை, பறுவ நாள்களிலும் இரண்டு, இரண்டரை அடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வெளியூரிலிருந்து வருபவர் கரையில் நின்று பார்த்தால் நீர் அசையவே இல்லை என்றுதான் நினைப்பார்.

ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் இரண்டடி என்பது பெரிய கணக்கு. ஒரு முழம் நீர் வற்றினால் ஏக்கர் கணக்கில் சேற்றுத்தரை வெளியே தெரியும். அவ்வளவு பரப்பிலும் மேய்ந்துகொண்டிருந்த இறாலும் மணலைக் குஞ்சும் ஒன்றிரண்டு ஓடைகள் வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்க முடியும். தண்ணீரின் இந்த நெருக்கடியை அறிந்த மீன் கொடுவா.

இதை எனக்குக் கற்பித்தவர் அராலிக் கரையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தொழிலாளி. ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அம்மான். எனக்கும் அப்படியே. முதல் நாள் நான் தூண்டிலை நடுநீருக்கு வீசியதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "தம்பி, பாரை ஓடித் திரியிற மீன். கொடுவா வாசலில நிண்டு பாக்கிற மீன். வாசல் எதெண்டு கண்டுபிடிச்சாக் காணும், மீனைத் தேடத் தேவையில்லை."

வாசல் என்று அவர் சொன்னது பலவற்றை. கண்டல் மரங்களுக்கு நடுவே வரும் ஓடை பரவைக்கடலில் விழும் இடம் ஒரு வாசல். பாலத்தின் கீழே நீர் ஒடுங்கி ஓடும் கண் ஒரு வாசல். எந்தக் காலத்திலோ உடைந்து நீருக்குள் கிடக்கும் தூணின் நிழற்பக்கமும் வாசல்தான். யாழ்ப்பாணத்தைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணை, பொன்னாலைப் பாதைகளில் இப்படி எத்தனையோ உண்டு. நீர் வற்றத் தொடங்கும்போது கொடுவா ஓட்டத்தை எதிர்நோக்கி, ஓட்டம் தன்னை அடித்துச் செல்லாத ஒரு மறைவில் நிற்கும். இரை தானாக வாய்க்கு நேரே வரும்.

பெரிய மீனுக்கும் சிறிய மீனுக்கும் என்ன வேறுபாடு என்று ஒருநாள் கேட்டேன். இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கச் சொன்னார். சிறிய கொடுவாக்கள் கூட்டமாக நிற்கும். இறாலைக் கண்டதும் நீரைச் சளசளக்க வைக்கும். நீர் இழுக்கத் தொடங்கிய முதல் நாழிகையில் கேட்கும் சத்தமெல்லாம் அவற்றினுடையதே. தூண்டில்காரர்கள் பலர் அந்தச் சத்தத்தின் பின்னால் ஓடி, இரண்டு மூன்று சிறிய மீன்களோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். பெரிய மீன் தனியாகவோ ஒன்றிரண்டு துணையோடோ, ஓடையின் மிக நல்ல இடத்தில், அடியை ஒட்டி நிற்கும். நீர் பாதிக்கு மேல் வற்றி ஓட்டம் வேகம் பிடிக்கும்வரை அது அவசரப்படாது. அது இரை எடுக்கும்போது நீர் தெறிப்பதில்லை. தூரத்தில் யாரோ ஒரு கனமான கதவைச் சாத்தியதுபோல் ஒற்றைச் சத்தம் கேட்கும். அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் இராது. அந்த மௌனத்தில் பொறுமை இழப்பவருக்குப் பெரிய கொடுவா கிடையாது.

இரையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். இறால் குத்தினால் எல்லா மீனும் வரும். ஒரு சாண் மணலையை உயிரோடு குத்தினால் சிறியவை விலகிவிடும். கொடுவாவின் பல் கூரியதன்று, தொட்டால் அரத்தாள்போலச் சொரசொரக்கும். ஆபத்து அதன் செவுள் மூடியில்தான் இருக்கிறது. தூண்டிலில் பட்டதும் அது நீருக்கு வெளியே எழுந்து தலையை இருபுறமும் உதறும். அந்த உதறலில் செவுள் மூடியின் விளிம்பு தங்கூசியைக் கத்திபோல் அறுத்துவிடும். தடித்த தங்கூசியைத் தூண்டிலுக்கு மேலே ஒரு பாகம் நீளத்துக்குச் சேர்த்துக் கட்டுவது இதனால்தான். கையையும் அது அறுக்கும். இரவில் பிடிப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

இனி நாள். தூண்டில்காரருக்கும் பஞ்சாங்கம் வேண்டும். அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அட்டமி, நவமியில் ஏற்றமும் வற்றமும் மெலிந்துவிடும். நல்ல காரியங்களுக்கு ஆகாத நாள்கள் என்று ஊரில் சொல்வதை அம்மான் தம் தொழிலுக்கும் பொருத்திக்கொண்டிருந்தார். ஒரு நாளைய நேரம் மறுநாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பரவைக்கடலில் சந்திரன் மட்டும் அதிகாரி இல்லை. சோழகம் பலமாக வீசும் நாள்களில் காற்றே நீரை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டிருக்கும். காற்று தணியும் மாலையில் அந்த நீர் முழுவதும் ஒரேயடியாக வெளியேறும்.

ஆண்டின் மிகச் சிறந்த காலம் கார்த்திகை, மார்கழி. யாழ்ப்பாணத்துக்கு ஆறு கிடையாது என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். மழைக்காலத்தில் மட்டும் உயிர்பெறும் வழுக்கையாறு அந்தக் கூற்றை ஒவ்வொரு ஆண்டும் சில வாரங்களுக்குப் பொய்யாக்கும். வயல்களைக் கடந்து வரும் அதன் செந்நீர் அராலியில் பரவைக்கடலோடு கலக்கும்போது நீரின் நிறம் மாறும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் ஓரத்தில் பெரிய கொடுவா நிற்கும்.

இத்தனையும் என் ஊரிலேயே இருந்தும் நான் தூண்டில் பிடிக்கத் தொடங்கியது நாற்பதை நெருங்கிய வயதில். காரணத்தை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்துப் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் கடல்நீரேரி என்ற சொல்லை மீனோடு சேர்த்து எழுதிய நாள்கள் மிகக் குறைவு. 1990களின் முற்பாதியில் ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்டுக் கிடந்தன. மக்கள் கிளாலியிலிருந்து இருட்டில் படகேறி இதே நீரைக் கடந்தார்கள். சுடப்பட்டு இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலோடுதான் அந்த நீர் பத்திரிகைக்கு வந்தது. பிறகு பாதுகாப்பு வலயம், அனுமதி அட்டை, இரவுத் தடை என்று வேறு சொற்கள் வந்தன. தொழில் செய்ய முடியாமல் கரையில் வள்ளங்கள் வெயிலில் வெடித்துக் கிடந்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். 2009க்குப் பிறகே கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் ஒரு மாலை, செய்தி எதுவும் தேடாமல், முதன்முறையாக இந்த நீருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

கட்டுப்பாடு தளர்ந்த அந்த முதலாண்டைப் பற்றி அம்மான் சொல்வதுண்டு. "அப்ப வந்த மீன் மாதிரி நான் என்ர சீவியத்தில பாக்கேல்லத் தம்பி. ஆள் உயரத்தில பாதிக்கு மேல நிண்டது." இதை நான் ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஒரு கிழவரின் நினைவு மட்டுமே. ஆனால் மனிதர் பட்டினி கிடந்த ஆண்டுகளில் மீன் வளர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்ததில்லை.

ஒரு மார்கழி இரவில் அம்மான் பதினொரு கிலோ நிறையுள்ள கொடுவா ஒன்றைப் பிடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒளி பட்டதும் அதன் கண் தணல்போல் சிவந்து மின்னியது. நாங்கள் இருவரும் சேர்ந்து கரையில் தூக்கிப் போட்டபோது வயிறு தளர்ந்து புடைத்திருந்தது. "சினை" என்றார் அவர். பிறகு, எனக்காக அல்லாமல் தமக்குத் தாமே சொல்பவர்போல், "பெரிய கொடுவாவில ஆண் நான் கண்டதில்ல. எல்லாம் பெட்டைதான்" என்றார்.

அந்தச் சொல்லைச் சரிபார்க்கும் பத்திரிகைப் பழக்கம் என்னை விடவில்லை. அவர் சொன்னது சரி. கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. மூன்று நான்கு வயதில், அரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில், அது ஆணாக இனப்பெருக்கம் செய்யும். ஆறு முதல் எட்டு வயதுக்குள், ஏறக்குறைய 85 முதல் 100 சென்றிமீற்றர் நீளத்தை எட்டும்போது, அதே மீன் பெண்ணாக மாறுகிறது. பப்புவா நியூகினியின் மீன்களை ஆராய்ந்த மூர் என்ற அறிஞர் இந்த மாற்றத்தை 1979இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். அராலிக் கரையில் அதே உண்மை மீன் அறுக்கும் பலகையில் வைத்து அறியப்பட்டிருக்கிறது. 120 சென்றிமீற்றர் நீளமுள்ள ஒரு தாய் மீன் ஒரு பருவத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்க வல்லது. முட்டையிடுவதற்கு அது உப்பு மிகுந்த கடல்முகத்துக்குப் போகும். முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். குஞ்சுகள் நீரேற்றத்தோடு கண்டலுக்குள்ளும் சதுப்புக்குள்ளும் வந்து, மழைநீர் கிடைத்தால் இன்னும் உள்ளே ஏறி வளரும்.

ஆகவே பெரிய கொடுவா வேண்டும் என்று கேட்பவர், தெரிந்தோ தெரியாமலோ, தாய் மீனைத்தான் கேட்கிறார். இந்த ஓடைகளுக்கு ஆறு ஏழு ஆண்டுகள் தப்பிப் பிழைத்த, எண்ணிக்கையில் மிகச் சிலவான தாய்கள் அவை.

அவை அவ்வளவு காலம் தப்புவதுதான் இப்போது கடினமாகிவிட்டது. ஓடையின் குறுக்கே கம்புகளை நட்டு வலை கட்டும் களங்கண்டித் தொழில் பழமையானது. நீரோடு ஏறும் மீன் வற்றும்போது அதில் அகப்படும். கண் பெரிதாக இருந்த காலத்தில் குஞ்சுகள் வெளியே போயின. கண் சிறுத்ததும் விரல் நீளக் கொடுவாவும் வெளியேற முடிவதில்லை. சந்தையில் கலவைக் குவியலில் ஓராவோடும் மணலையோடும் அது கிடப்பதைப் பார்க்கலாம். தடை செய்யப்பட்ட தங்கூசி வலைகளும் மறைவாகப் புழங்குகின்றன.

இன்னொரு தடை சீமெந்தால் ஆனது. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த, 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று அறியப்பட்ட திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. கடலுக்கு வீணாகும் மழைநீரை நீரேரிகளில் தேக்கி, சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் உவர்ப்பேறும் நம் கிணறுகளைக் காப்பது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. போர்க்காலத்தில் கதவுகள் உக்கி உப்புநீர் உள்ளே ஏறியபோது விவசாயிகள் பட்ட துயரத்தை நான் நேரில் கண்டு எழுதியவன். கிணறு நன்னீராக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கதவு எந்த நாளில் திறக்கிறது, எந்த நாளில் மூடுகிறது என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் கமக்காரரும் அதிகாரிகளும் இருந்தால் மட்டும் போதாது. கடல்முகத்தில் பொரித்த குஞ்சுக்கு அந்தக் கதவு ஒரு வாசல். மழைக்காலத்தில் உபரிநீரை விடுவதற்குக் கதவைத் திறக்கும்போதே குஞ்சு ஏறும் நாள்களையும் கருதலாம் என்று சொல்லக்கூடிய ஒருவர், ஒரு அம்மான், அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதற்குச் சட்டம் வைத்திருக்கிறது. அங்கே கடலிலும் கழிமுகங்களிலும் 58 சென்றிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் வைத்திருக்க முடியாது, 120 சென்றிமீற்றரைத் தாண்டியதையும் வைத்திருக்க முடியாது. குஞ்சுக்கும் பாதுகாப்பு, பெரிய தாய்க்கும் பாதுகாப்பு. முட்டையிடும் பருவத்தில் பிடிப்பதற்குத் தடையும் உண்டு. நம்மவர் சிலர் இதற்கு வேறு விடை சொல்வார்கள்: குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கலாமே என்று. உண்டாக்கலாம்தான். தாய்லாந்து 1970களிலேயே அதைச் செய்தது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் வெற்றி கண்டது. கூண்டில் வளர்க்க அது நல்ல வழி. ஆனால் ஓடைகளை அடைத்து வைத்துக்கொண்டு பொரிப்பகக் குஞ்சைப் பரவைக்கடலில் விட்டால் அதுவும் போய் அதே சிறுகண் வலையில்தான் விழும்.

சட்டத்தைச் சொல்லும்போது அம்மானின் பதினொரு கிலோ மீனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அன்றிலிருந்து வள்ளத்தை நீரில் இறக்குவதே ஒரு முடிவெடுப்பாகிவிட்டது. அந்த ஒரு மீனின் விலையில் அவருடைய பேத்தியின் ரியூசன் காசும் இரண்டு வாரத்து எண்ணெயும் இருந்தன. அதை நீரில் விடுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றும் வராது. தொழிலுக்குப் பிடிப்பவரிடம் தியாகத்தைக் கேட்பதற்கு முன் வலைக்கண்ணின் அளவை எல்லோருக்கும் ஒன்றாக நடைமுறைப்படுத்த வேண்டும். ஒரு ஊர் விட்ட குஞ்சை அடுத்த ஊர் வாராது என்ற உறுதியைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த உறுதி இருந்தால் அவர்களே விடுவார்கள். கடல் யாருடைய சொத்து என்று அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பொழுதுபோக்குக்குப் பிடிப்பவரின் நிலை வேறு. அவருடைய அடுத்த வேளைச் சோறு அந்த மீனில் இல்லை. எனவே கேட்ட நண்பர்களுக்கு என் விடையைச் சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை மழை நின்ற பிறகு வாருங்கள். அமாவாசைக்கோ பறுவத்துக்கோ மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மாலை இருட்டும் நேரத்தில் நீர் வற்றத் தொடங்கும் ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். ஊர்த் தொழிலாளர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய களத்துக்கு இடைஞ்சல் இல்லாத ஓடைவாயில் அமருங்கள். அவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். சளசளப்பின் பின்னால் ஓடாதீர்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்ட இடத்துக்கு மேல்நீரில் மணலையை விடுங்கள், அது ஓட்டத்தோடு தானாகப் போய்ச் சேரட்டும். இரண்டு மூன்று கிலோ மீன் பட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புட்டுக்குக் குழம்பு வையுங்கள். கொடுவாவின் சுவை அந்த அளவில்தான் சிறப்பு. பெரியதன் சதை சற்று முரடு.

உங்கள் கைநீளத்தைவிடப் பெரியது ஒன்று வந்தால் வாயில் பிடித்துத் தொங்க விடாதீர்கள், அதன் நிறையே அதன் முள்ளந்தண்டை வருத்தும். நீரிலேயே வைத்து, வயிற்றின் கீழ் நனைந்த கையைக் கொடுத்து, தூண்டிலைக் கழற்றுங்கள். படம் வேண்டுமானால் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருங்கள். செவுள் நன்றாக அசையத் தொடங்கி, வாலில் பலம் வந்ததும் அது உங்கள் கையை உதறிவிட்டுப் போகும். அடுத்த வற்றத்துக்கு அனேகமாக அதே ஓடைவாயில் நிற்கும்.